சோற்றை நிறுத்துவதா, சிறுதானியத்துக்கு மாறுவதா, பாதியாகக் குறைப்பதா?

போன வருடம் ஆடி மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் ‘பார்டர்’ என்பார்கள், 6.5 ஆகிவிட்டால் சர்க்கரை நோய். எனக்கு வயது 44. அப்பாவுக்கு இருந்தது, அம்மாவுக்குப் பதினாறு வருடமாக இருக்கிறது. என்றைக்காவது எனக்கும் வரும் என்று தெரியும். இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று யோசனைகள் வந்துவிட்டன. சென்னையில் இருக்கும் தம்பி போனில், “அக்கா, அரிசியை மொத்தமா விட்டுடு, பேலியோவுக்கு வந்துடு” என்றான். சித்தி, சாமையும் வரகும் வாங்கிச் சமைக்கச் சொன்னார். அரிசியைத் தொடாமல் மூன்று வேளையும் அதையே வயிறாரச் சாப்பிடலாம் என்றார். ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர், “சோத்தைப் பாதியா குறைங்க, முட்டை, பருப்பு, காயைக் கூட்டுங்க” என்று முடித்துக்கொண்டார். மூன்றையுமே ‘லோ கார்ப்’, அதாவது மாவுச்சத்து குறைந்த உணவு, என்று ஒரே பெயரில்தான் பேசுகிறோம். உடம்புக்குள் மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு. இதைப் படித்தும், சமைத்தும், வீட்டில் மூன்று பேர் உடம்பில் பார்த்தும் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்மில் பெரும்பாலோருக்கு மருத்துவர் சொன்னதுதான் சரி. தம்பி சொன்னது சிலருக்கு, சில காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் சரி. சித்தி சொன்னதில், அளவு குறையாதவரை, மாற்றம் என்று சொல்ல அதிகம் இல்லை.

நாங்கள் மன்னார்குடிப் பக்கம், நெல் விளைகிற ஊர். எதைக் குறைப்பது என்று முடிவு செய்யும் முன், எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று ஒரு வாரம் தராசு வைத்து நிறுத்து எழுதினேன். காலையில் நான்கு இட்லி. எங்கள் வீட்டு அளவுக்கு ஒன்றில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து. மதியம் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவையாகப் போடும் சோறு 350 கிராம் வந்தது. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஆக அது மட்டும் 98. ராத்திரி மூன்று தோசை, 65. சர்க்கரை போட்ட காபி மூன்று டம்ளர், 30. சாயங்காலம் நாலு பிஸ்கட்டோ ஒரு பஜ்ஜியோ, 25. சாம்பார், காய், மோரில் இருப்பது இன்னொரு 25. மொத்தம் 280 கிராமைத் தாண்டியது. நான் சாப்பிட்ட கலோரியில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் மாவுச்சத்து. புரதம் 40 கிராமைத் தொடவில்லை. எடை கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் கணக்குப்படி எனக்கு 54 கிராம் வேண்டும்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வில், இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தது. அதே ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாடு முழுவதற்குமான சராசரி 11.4. ‘லோ கார்ப் நல்லதா கெட்டதா’ என்று கேட்கும்போது இந்த ஆரம்பப் புள்ளியை யாரும் சொல்வதில்லை என்பது என் மனக்குறை. அமெரிக்காவில் ஒருவர் 50 சதவீதத்திலிருந்து குறைப்பதும் நாம் 62-இலிருந்து குறைப்பதும் ஒன்றாகாது. நாம் பாதியை எட்டினாலே பெரிய இறக்கம்.

நம் உடம்பும் கொஞ்சம் வேறு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு (பிஎம்ஐ) ஒன்றுதான், 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. எங்கள் அப்பா அப்படித்தான் இருந்தார், ‘இவருக்கா சுகர்?’ என்று எல்லோரும் கேட்பார்கள். இந்த உடம்புவாகில் தசை குறைவு, சாப்பிட்ட சர்க்கரையைச் சேர்த்து வைக்க இடம் குறைவு. அதிகப்படி மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் விடுகிறது, டிரைகிளிசரைடு என்கிற அந்த ரத்தக் கொழுப்பு ஏறுகிறது. 21 நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வின் 2020-ஆம் வருடக் கணக்கில், நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு தெற்காசியாவில்தான் மிக அதிகமாக இருந்தது. சீனாவில் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. சோறு ஒன்றுதான், அதைச் சுற்றித் தட்டில் இருப்பதும், சாப்பிடுகிற உடம்பும், அது செய்யும் வேலையும் வேறு.

சரி, தம்பியின் வழிக்கு வருகிறேன். பேலியோ என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் கீட்டோவை ஒட்டியது: நாளுக்கு 20 முதல் 50 கிராம் மாவுச்சத்து, அவ்வளவுதான். பத்து வருடத்துக்கு முன் முகநூல் வழியாகத் தமிழில் பெரிதாகப் பரவியது. காலையில் நூறு பாதாம் அல்லது பட்டர் டீ, மதியம் பனீர் அல்லது காலிஃபிளவர் சாதம், ராத்திரி முட்டையும் கறியும். தம்பி 92 கிலோவில் ஆரம்பித்து எட்டு மாதத்தில் 77-க்கு வந்தான். டிரைகிளிசரைடு 290-இலிருந்து 120 ஆனது. குறட்டை நின்றது. முட்டிவலிக்குத் தைலம் தேய்ப்பதை நிறுத்தினான். இதைப் பார்த்த யாரும் ‘கீட்டோ மோசடி’ என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019 அறிக்கையே, ரத்தச் சர்க்கரையை இறக்குவதில் அதிகச் சான்று இருப்பது மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் என்கிறது. கீட்டோ புதிதும் அல்ல. 1921-இல் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்கு மருத்துவமாகவே இது வகுக்கப்பட்டது. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்றும் கொடுக்கிறார்கள்.

முதல் பத்து நாளில் மூன்று கிலோ இறங்கியதைத் தம்பி கொண்டாடினான். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரையின் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு தீரும்போது தண்ணீரும் போய்விடும், கூடவே உப்பும். அந்தச் சமயத்தில் வந்த தலைவலி, கால் பிடிப்பு, மலச்சிக்கல் எல்லாம் அதனால்தான். அதெல்லாம் சரியாகிவிட்டது. சரியாகாமல் போனது கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல். 128-ஆக இருந்தது 186 ஆகிவிட்டது. எல்லோருக்கும் இப்படி ஏறுவதில்லை. ஆனால் சிலருக்கு நன்றாகவே ஏறுகிறது. யாருக்கு ஏறும் என்று பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும். நம் ஊர் கீட்டோவில் வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய், பனீர் என்று, எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்புதான் முன்னால் நிற்கிறது. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அதுதான். இளம் வயதிலேயே மாரடைப்பு வரும் நம் மக்களிடம், ‘டிரைகிளிசரைடு இறங்கிவிட்டது, எல்டிஎல்லைக் கண்டுகொள்ளாதே’ என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நீண்ட காலத்தில் என்ன ஆகும்? 2018-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. 15,000-க்கும் அதிகமானவர்களை இருபத்தைந்து வருடம் கவனித்ததில், கலோரியில் 50 முதல் 55 சதவீதம் மாவுச்சத்து சாப்பிட்டவர்களிடம் மரணம் குறைவாக இருந்தது. 40-க்குக் கீழே போனவர்களிடமும் 70-க்கு மேலே போனவர்களிடமும் அதிகம். மாவுச்சத்தை எடுத்த இடத்தில் கறி, வெண்ணெய் வைத்தவர்களுக்கு ஆபத்து ஏறியது. பயறு, கொட்டை, காய்கறி வைத்தவர்களுக்கு இறங்கியது. இது கவனித்துப் பார்த்த ஆய்வு. இதனால்தான் அது நடந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் என் மனதில் பதிந்தது இதன் இரண்டாம் பாதிதான். சோற்றை எடுத்த இடத்தில் என்ன வைக்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், லோ கார்ப் நல்லதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

எடை குறைப்பதற்கு என்று மட்டும் பார்த்தாலும், குறைந்த மாவுச்சத்துக்குத் தனி மாயம் எதுவும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மாவுச்சத்தையும் பாதிப் பேருக்குக் கொழுப்பையும் குறைக்கச் சொன்னது. இரண்டு பக்கமும் முழு உணவாக, சத்துள்ளதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு வருடம் கழித்து முதல் பிரிவினர் சராசரியாக 6 கிலோவும் இரண்டாம் பிரிவினர் 5.3 கிலோவும் குறைந்திருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும்தான் வித்தியாசம் இருந்தது: சிலர் நிறையக் குறைந்தார்கள், சிலர் ஏறினார்கள். விடாமல் பிடிக்க முடிந்த முறையே வேலை செய்யும் என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன். தம்பிக்குக் கல்யாண சீசன் வந்தது. சாம்பார் சாதத்தில் ஆரம்பித்து ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ திரும்பிவிட்டது. மன உறுதி இல்லாதவன் என்று அவனைச் சொல்ல மாட்டேன். ஊரே ஒரு இலையில் உட்காரும்போது தனியாக முட்டை உரித்துக்கொண்டிருப்பது எத்தனை வருடம் சாத்தியம்?

செலவையும் பார்க்க வேண்டும். நூறு பாதாம் என்பது சுமார் 120 கிராம், அதற்கே கிட்டத்தட்ட நூறு ரூபாய் ஆகிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். மாதக் கடைசியில் சோறுதான் வயிற்றை நிரப்புகிறது என்றிருக்கும் வீட்டுக்கு பேலியோ ஒரு வழியே இல்லை. முட்டையும் சேர்க்காத சைவ வீடுகளுக்கும் 30 கிராம் மாவுச்சத்துக்குள் புரதம் சேர்ப்பது பெரும் பாடு. பருப்பும் பயறும் அந்தக் கணக்குக்குள் அடங்காது.

இதைவிட முக்கியமான ஒன்று, மாத்திரை. நான் சோற்றைக் குறைத்ததைப் பார்த்து, தானும் சோற்றை விட்டுப் பார்க்கலாம் என்று அம்மா யாரிடமும் சொல்லாமல் ஆரம்பித்தார். அவர் சாப்பிடுவது கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை. நான்காம் நாள் ராத்திரி வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, என் பெயரையே மாற்றிச் சொன்னார். குளுக்கோமீட்டரில் 52. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்த அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி மாத்திரைகளும் இன்சுலினும் சோறு வருகிறதா இல்லையா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கும். உணவைக் குறைக்கும் அன்றே மருந்து அளவையும் மருத்துவர் மாற்ற வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என முடியும் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் கீட்டோ பக்கமே தாங்களாகப் போகக் கூடாது: மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்தாகலாம். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் எல்லோருக்கும் இதே எச்சரிக்கைதான்.

அடுத்தது சித்தியின் சிறுதானியம். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 100 கிராம் பச்சைத் தானியத்தில் வெள்ளை அரிசிக்கு மாவுச்சத்து சுமார் 78 கிராம். கேழ்வரகுக்கு 67, வரகுக்கு 66, கம்புக்கு 62. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் வயிறாரச் சாப்பிட்டால் அது காணாமல் போகும். முன்பு சொன்ன நாடு தழுவிய ஆய்வின் 2025 கட்டுரை இதையே சொன்னது: மொத்த மாவுச்சத்து குறையாமல், அரிசி மைதாவுக்குப் பதில் கோதுமையோ சிறுதானிய மாவோ வைப்பதால் நோய் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. நார்ச்சத்து கூடும், கேழ்வரகில் கால்சியம் அதிகம், சீக்கிரம் வயிறு நிறையும், அதெல்லாம் உண்மை. முழுதாக வேகவைத்துச் சாப்பிடுவதும் மாவாக அரைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேழ்வரகுக் கஞ்சி குடித்த ஒரு மணி நேரத்தில் எனக்கு 190 காட்டியது. நான்கு இட்லிக்கே அவ்வளவு காட்டியதில்லை. சித்தி மேல் எனக்குக் கோபம் இல்லை. சாமைச் சோற்றை ஒரு கரண்டி போட்டு நிறுத்தினால் அவர் சொன்னது நல்ல யோசனை. ‘இது சத்தானது’ என்று இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்வதில்தான் சிக்கல்.

இனி பாதிச் சோறு. கேட்க எளிது, செய்து பார்த்தால் முதல் இரண்டு வாரம் பசிக்கும். பெரும்பாலோர் சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். நான்கு மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறக்கிறார்கள். நானும் திறந்தேன். அப்புறம்தான் தட்டை மாற்றினேன்.

காலையில் இட்லி இரண்டு, கூட ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு அவித்த முட்டையும். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் மாவுச்சத்து 27 கிராம் இருந்தாலும், 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நாரும் இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். மதியம் சோறு 150 கிராம், அதாவது எங்கள் வீட்டு அன்னக் கரண்டியில் ஒரு கரண்டியும் கொஞ்சமும். சாம்பாரைத் தண்ணீராக ஊற்றாமல் பருப்பு கெட்டியாக. பொரியல், கூட்டு, கீரை மூன்றும் சேர்த்துச் சோற்றைவிட இரண்டு மடங்கு. வாரத்தில் மூன்று நாள் மத்தியோ அயிலையோ குழம்பு வைக்கிறேன். விலை குறைந்த மீன், நல்ல கொழுப்பு உள்ள மீன். ராத்திரி இரண்டு அடை. அரிசி ஒரு பங்குக்குப் பருப்பு இரண்டரைப் பங்கு போட்டு அரைக்கிறேன். காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது, மூன்று வாரம் காபியே பிடிக்கவில்லை. சாயங்காலம் வறுத்த வேர்க்கடலை ஒரு பிடி, ஒரு கொய்யா.

கணக்குப் பார்த்தால் மாவுச்சத்து 180 முதல் 200 கிராம், கலோரியில் பாதிக்குச் சற்றுக் கீழே. கீட்டோக்காரர்கள் இதை லோ கார்ப் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே போனால்தான் அந்தப் பெயர். பெயர் எதுவானாலும் சரி. 18,000 இந்தியர்களின் உணவுக் கணக்கை வைத்து 2022-இல் வந்த ஆய்வு, புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்கள் அதிலிருந்து மீள மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து புரதத்தைச் சுமார் 20 சதவீதமாக்கச் சொல்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியும் தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. வெளிநாட்டு டயட் எதற்கும் போகாமலேயே இதை எட்ட முடிகிறது. ரேஷன் அரிசி, ரேஷன் துவரம்பருப்பு, முட்டை, கீரை, மீன் வைத்து எட்ட முடிகிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது.

ஆறு மாதத்தில் என் சராசரி 5.8-க்கு வந்தது. எடை ஐந்து கிலோ குறைந்தது. தம்பியோடு ஒப்பிட்டால் மெதுவான இறக்கம்தான். அவசரமாக இறக்க வேண்டியவர்களுக்கு இது போதாது. எடை நூறு கிலோவைத் தாண்டி, மூன்று மாதச் சராசரி 9, 10 என்று நிற்கிற, நோய் வந்து ஓரிரு வருடமே ஆனவர்கள், கடுமையான வழியை மூன்று நான்கு மாதம் மருத்துவரோடு சேர்ந்து முயல்வதில் நியாயம் இருக்கிறது. ஆரம்பிக்கும் முன் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை, கொழுப்புப் பரிசோதனை எடுக்க வேண்டும். எல்டிஎல் ஏறினால் வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் போய் வேர்க்கடலை, நல்லெண்ணெய், மீன் வர வேண்டும். அதற்கும் இறங்காவிட்டால் மாவுச்சத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். தம்பி இப்போது அதைத்தான் செய்கிறான். காலையில் முட்டை, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி கறியோ பனீரோ காயோடு. 80 கிலோவில் நிற்கிறது, எல்டிஎல் 140-க்கு இறங்கியிருக்கிறது.

அம்மாவுக்கு மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கிய பிறகுதான் சோற்றைக் குறைத்தோம். அம்மா போட்ட ஒரே நிபந்தனை, கடைசியில் மோர்ச்சோறு வேண்டும் என்பது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் சோறு போடுவதில்லை. முதலில் காயும் கூட்டும் பருப்பும், பிறகு ஒரு கரண்டி மோர்ச்சோறு. காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்று நியூயார்க்கில் 11 பேரை வைத்து நடத்திய ஒரு சின்ன ஆய்வு 2015-இல் காட்டியது. அம்மாவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இப்போது 160-ஐ ஒட்டி வருகிறது. முன்பு 240 வரும்.